ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்து, குறிப்பெழுதி, லிங்க் போட்டு வைப்பது: சேலம் ஆய்வு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெரியார் பல்கலைக்கழகத்திலும் சேலத்துக் கல்லூரிகளிலும் முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சேர்வராயன் மலை சார்ந்தவை. நிலவியல், தாவரவியல், வரலாறு, மானிடவியல் எல்லாம் அந்த ஒரே மலையில் வந்து சேர்கின்றன; ஒழுங்கில்லாமல் சேர்த்த நூல்கள் ஆய்வாளரைத் திணறடிப்பதும் அங்கேதான்.

பிடிஎஃப்களை ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து வைத்திருக்கிறேன். அது போதாதா?

நாற்பது, ஐம்பது கட்டுரை வரை போதும். அதற்கு மேல் போனால் ஃபோல்டர் முறை தடுமாறும். வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் 1864-இல் வெளியிட்ட சேலம், திருச்சி வட்டார நிலவியல் அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கஞ்சமலை இரும்புத்தாதுவைப் பற்றி எழுதுபவருக்கும் அது வேண்டும், ஏற்காட்டு அடிவாரத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்தைப் பற்றி எழுதுபவருக்கும் வேண்டும், பத்தொன்பதாம் நூற்றாண்டு நில அளவை வரலாறு எழுதுபவருக்கும் வேண்டும். எந்த ஃபோல்டரில் போடுவீர்கள்? மூன்றிலும் நகல் எடுத்துப் போட்டால் ஹைலைட் ஒரு நகலிலும், ஓரக்குறிப்பு இன்னொரு நகலிலும் தங்கிவிடும். ஆறு மாதம் கழித்து எது எங்கே இருக்கிறது என்று தெரியாது.

ஆய்வுக்கு உண்மையில் தேவைப்படுவது கோப்பு அல்ல, கோப்புக்குள் இருக்கும் ஒரு பத்தி. அந்தப் பத்தியிலிருந்து உங்கள் குறிப்புக்கும், குறிப்பிலிருந்து மறுபடி அதே பக்கத்துக்கும் ஒரே சொடுக்கில் போய்வர முடிய வேண்டும். 1945-இல் வானெவர் புஷ் 'மெமெக்ஸ்' என்ற பெயரில் கற்பனை செய்த எந்திரத்தின் அடிப்படையே இதுதான். டெட் நெல்சன் 1965-இல் இதற்கு 'ஹைப்பர்டெக்ஸ்ட்' என்று பெயர் வைத்தார். இன்று சாதாரண லேப்டாப்பில், காசு கொடுக்காமல், அதைச் செய்துகொள்ளலாம்.

எந்த மென்பொருளை எடுப்பது?

இரண்டு வேண்டும். நூலகத்துக்கு ஜோட்டெரோ, குறிப்புகளுக்கு அப்சிடியன்.

ஜோட்டெரோ கட்டற்ற மென்பொருள். 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆய்வாளர்களுக்காக எழுதத் தொடங்கியது. நூலின் விவரம், பிடிஎஃப், ஹைலைட், மேற்கோள் பட்டியல் நான்கையும் அது பார்த்துக்கொள்ளும். 2022-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து பிடிஎஃப்பை உள்ளேயே திறந்து குறிக்கலாம். 2024-இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து இபப் என்ற மின்னூல் கோப்பிலும், சேமித்த இணையப் பக்கத்திலும் குறிக்கலாம்.

அப்சிடியன் வெறும் எழுத்துக் கோப்புகளின் மேல் வேலை செய்கிறது. இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒரு பெயரை எழுதினால், [[கஞ்சமலை]] என்பதுபோல், அது அந்தப் பெயருள்ள நோட்டுக்கு லிங்க் ஆகிவிடும். கஞ்சமலை நோட்டைத் திறந்தால், அதைச் சுட்டும் மற்ற நோட்டுகள் எல்லாம் பேக்லிங்க் பகுதியில் தெரியும். மூலநிரல் திறந்ததல்ல, ஆனால் இலவசம். கட்டற்றதாகவே வேண்டும் என்பவர்கள் லாக்சீக் பக்கம் போகலாம். எல்லாம் ஒரே கோப்பில் இருந்தால் போதும் என்பவர்களுக்கு 2004 முதல் இருந்துவரும் டிட்லிவிக்கி உண்டு.

மென்டலே, எண்ட்நோட் போன்ற வேறு நூலக மென்பொருள் பயன்படுத்துபவர்கள் அவசரப்பட்டு மாற வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும் அத்தியாயத்தை முடித்துவிட்டு மாறுங்கள்.

நிறுவியவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஜோட்டெரோவோடு அதன் கனெக்டரையும் பிரவுசரில் சேர்த்துவிடுங்கள். கட்டுரைப் பக்கத்தில் இருக்கும்போது கனெக்டர் பொத்தானை அழுத்தினால் ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாம் தானாக வந்து சேரும். டிஓஐ எண் (கட்டுரைக்கு இணையத்தில் தரப்படும் நிலையான அடையாள எண்) மட்டும் கையில் இருந்தால், மேலே மந்திரக்கோல் படம் போட்ட பொத்தானில் அதை ஒட்டுங்கள். ஐஎஸ்பிஎன் எண்ணுக்கும் அதே பொத்தான்தான்.

அடுத்ததாக செட்டிங்ஸில் எக்ஸ்போர்ட் பகுதிக்குப் போய், நோட் வடிவத்தை 'மார்க்டவுன்' என்று மாற்றி, 'ஜோட்டெரோ லிங்குகளைச் சேர்' என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். பலர் இதைத் தவறவிடுகிறார்கள். இது இல்லாவிட்டால் ஹைலைட்டை அப்சிடியனில் ஒட்டும்போது வெறும் எழுத்து மட்டும்தான் வரும். பக்கத்துக்குத் திரும்பும் வழி வராது.

மாவட்டக் கையேடு, கெசட்டியர் போன்ற பழைய நூல்களுக்கு டிஓஐ கிடையாதே?

கையால் பதிய வேண்டியதுதான். ஒரு நூலுக்கு ஐந்து நிமிடம் ஆகும், அதை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு 1883-இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு போட்டு, 'வால்யூம்' கட்டத்தில் எண்ணைக் குறியுங்கள். ஒரே பதிவில் இரண்டு பிடிஎஃப்பையும் தொங்கவிட்டால், மேற்கோளில் தொகுதி எண் விடுபட்டு, பக்க எண் எந்தத் தொகுதிக்கு உரியது என்றே தெரியாமல் போகும்.

ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் கெசட்டியர் 1918-ஐச் சேர்ந்தது. உங்கள் கையில் இருப்பது மறுபதிப்பு என்றால், 'டேட்' கட்டத்தில் மறுபதிப்பின் ஆண்டைப் போட்டு, 'எக்ஸ்ட்ரா' கட்டத்தில் 'ஒரிஜினல் டேட்' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து 1918 என்று குறியுங்கள். இரண்டு ஆண்டையும் காட்டும் மேற்கோள் பாணிகள் அதை எடுத்துக்கொள்ளும். இது தெரியாமல் 1918-க்குப் பதில் மறுபதிப்பு ஆண்டு மட்டும் அச்சாகி, காலனிய ஆவணம் ஒன்று அண்மைக் கால நூல்போல் ஆய்வேட்டில் நிற்பதைப் பார்க்கலாம்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஆய்வேடுகள் அத்தியாயம் அத்தியாயமாகத் தனிக் கோப்புகளாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே 'தீசிஸ்' பதிவின் கீழ் இணைத்து, கோப்புப் பெயரின் முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள்.

மேற்கோள் பட்டியலில் ஆசிரியர் பெயருக்குப் பதில் இனிஷியல் வந்து நிற்கிறதே?

நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது. இதழ்களின் இணையதளங்களோ இரண்டு கட்டம் நிரப்பச் சொல்கின்றன. ஆகவே பலர் இனிஷியலைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். அது அப்படியே ஜோட்டெரோவுக்கு வந்து, 'எஸ், 2019' என்று மேற்கோள் அச்சாகும். கட்டுரை சேர்ந்தவுடனேயே பெயரைப் பாருங்கள். பெயரின்மேல் வலச்சொடுக்குப் போட்டால் முதற்பெயரையும் கடைப்பெயரையும் இடம் மாற்றும் வசதி வரும்.

தமிழில் எழுதப்பட்ட நூல்களுக்கு ஒற்றைக் கட்ட முறைக்கு மாற்றி, நூலில் உள்ளபடியே முழுப்பெயரையும் போடுவது நல்லது. ஒரே ஆசிரியர் ஒரு கட்டுரையில் இனிஷியல் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் வந்தால், மென்பொருள் இரண்டு ஆளாகத்தான் எண்ணும். ஒரே வடிவத்தை முடிவுசெய்து எல்லாப் பதிவிலும் திருத்துங்கள். 'லாங்குவேஜ்' கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். தலைப்பின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாற்றம் ஆங்கில நூல்களுக்கு மட்டும் நடக்க வேண்டும் என்பதை அந்தக் கட்டத்தை வைத்துத்தான் ஜோட்டெரோ முடிவுசெய்கிறது. தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் பதிகிறவர்களுக்கு இது மிகவும் முக்கியம்.

பிடிஎஃப்பில் தமிழ் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் தேடினால் கிடைக்கவில்லை. ஏன்?

இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. காரணம் ஒன்றல்ல, நான்கு. எது என்று கண்டுபிடிக்க, ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்.

வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் படம். ஓசிஆர் செய்ய வேண்டும், அதாவது படத்திலுள்ள எழுத்தைக் கணினியே படித்தெடுக்கச் செய்ய வேண்டும். டெசராக்ட் என்ற இலவச எந்திரத்துக்குத் தமிழ் தெரியும். அதை வைத்து இயங்கும் 'ஓசிஆர்மைபிடிஎஃப்' கருவி, பக்கத்தின் தோற்றத்தை மாற்றாமல் பின்னால் எழுத்தடுக்கு ஒன்றைச் சேர்த்துத் தரும். மொழியாகத் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். தமிழ் மட்டும் கொடுத்தால் ஆங்கிலக் கலைச்சொல்லையும் தாவரப் பெயர்களையும் தமிழாகப் படித்துக் குதறிவிடும். நீங்களே ஸ்கேன் எடுப்பதானால் 300 டிபிஐ வையுங்கள். அடிக்குறிப்பு பொடியாக இருந்தால் 400. ஃபோனில் படம் எடுப்பவர்கள் புத்தகத்தின் நடு மடிப்பு வளையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். வளைந்த வரியில்தான் பிழை அதிகம்.

ஓசிஆர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் 'ர' எழுத்தையும் துணைக்காலையும் குழப்பும், ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் குழப்பும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, னை, றா, னா போன்றவை பழைய வடிவத்தில் இருக்கும். அங்கே இன்னும் தடுமாறும். ஆகவே ஓசிஆர் எழுத்தைத் தேடுவதற்கு மட்டும் நம்புங்கள். மேற்கோளை எப்போதும் பக்கத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள்.

ஒட்டியபோது ஆங்கில எழுத்துகளாக வந்தால், நடுநடுவே அரைப்புள்ளி சிதறிக் கிடந்தால், அது பாமினி எழுத்துரு. பாமினியில் மெய்யெழுத்துப் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான். வேறு விநோதக் குறிகளாக வந்தால் டிஸ்கி அல்லது டேப், டேம் என்ற பழைய குறியாக்க வகை. என்எச்எம் கன்வர்ட்டரில் எழுத்துரு வகையைத் தேர்ந்து ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றலாம். ஆனால் அது நீங்கள் ஒட்டிய பத்தியைத்தான் மாற்றும், பிடிஎஃப்பை அல்ல. பிடிஎஃப்பிலேயே தேட வேண்டும் என்றால் ஓசிஆர் கருவியில் 'கட்டாய ஓசிஆர்' விருப்பத்தைக் கொடுக்க வேண்டும். அது பக்கத்தைப் படமாக்கிவிட்டுப் புதிதாகப் படிக்கும். கோப்பின் அளவு கூடும்.

ஒட்டியது தமிழாகவே வந்து, கொம்பு மட்டும் எழுத்துக்கு முன்னால் பிரிந்து நின்றால், கோப்பை உருவாக்கிய மென்பொருள் எழுத்துகளைப் பார்வை வரிசையில் அடுக்கியிருக்கிறது என்று பொருள். இதற்கும் கட்டாய ஓசிஆர்தான் மருந்து.

நான்காவது காரணம் கண்ணுக்கே தெரியாது. 'கொ' என்பதை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு 'ொ' என்ற ஒரே குறி; அல்லது ககரம், கொம்பு, கால் என்று தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றே. மென்பொருள் இரண்டையும் சமமாக்கிப் பார்க்காவிட்டால் தேடலில் ஒன்று கிடைக்கும்போது மற்றது கிடைக்காது. 'கௌ' எழுத்தின் பின்குறிக்குப் பதில் ளகரத்தையே தட்டிவிடுவதும், 'ஸ்ரீ' எழுத்துக்கு இரண்டு குறியீட்டு வழிகள் இருப்பதும் இதே வகைத் தொல்லை. பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்த தமிழில் இது சர்வ சாதாரணம். குறிப்பின் முதல் வரியில் முக்கியச் சொற்களை உங்கள் விசைப்பலகையிலேயே ஒருமுறை தட்டிவிட்டால் தேடல் தவறாது.

ஓசிஆர் செய்வதை எப்போதும் குறிப்பெழுதுவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஜோட்டெரோ உங்கள் ஹைலைட்டைப் பக்கத்தில் எந்த இடம் என்ற அளவாகத்தான் நினைவில் வைக்கிறது. பிறகு கோப்பை மாற்றி, பக்க அளவு சிறிது வேறுபட்டாலும் மஞ்சள் கோடு பக்கத்து வரியில் போய் உட்காரும்.

ஹைலைட் எப்படிப் போட வேண்டும்? பக்கம் முழுக்க மஞ்சளாகிவிடுகிறது.

ஜோட்டெரோவில் எட்டு நிறம் உண்டு. மூன்று போதும். ஆசிரியரின் வாதத்துக்கு ஒன்று, எண்ணும் தரவும் உள்ள இடத்துக்கு ஒன்று, நீங்கள் ஏற்காத இடத்துக்கு ஒன்று. எந்த நிறம் எதற்கு என்பதை எழுதி வைத்து, ஆய்வு முடியும்வரை மாற்றாதீர்கள். பின்னால் நிறத்தை வைத்து வடிகட்டினால் தரவு மட்டும் வரிசையாக நிற்கும்.

ஹைலைட் மட்டும் போட்டுவிட்டு நகர்ந்தால் பயன் குறைவு. ஒவ்வொரு ஹைலைட்டிலும் கமென்ட் கட்டம் இருக்கிறது. அதில் ஏன் குறித்தீர்கள் என்று ஒரு வரி, உங்கள் சொல்லில் எழுதுங்கள். 'முக்கியம்' என்று எழுதினால் ஓராண்டு கழித்து ஒன்றும் விளங்காது. 'ஃபுட் சொல்லும் பாறை வகையோடு இது ஒத்துப்போகவில்லை' என்று எழுதினால் விளங்கும்.

பக்க எண்ணைச் சரிபாருங்கள். ஸ்கேன் செய்த நூலில் அட்டை, முன்னுரை எல்லாம் சேர்ந்து, அச்சில் 112 என்றிருக்கும் பக்கம் பிடிஎஃப்பில் 131 ஆக இருக்கலாம். குறிப்பின் மெனுவில் பக்க எண்ணைத் திருத்தும் வசதி இருக்கிறது. ஒரே இடத்தில் திருத்தி மற்றப் பக்கங்களுக்கும் பரவச் செய்யலாம். முதல் குறிப்பிலேயே செய்துவிட்டால் வேலை ஒரு நிமிடம். எழுதி முடித்தபின் என்றால் மேற்கோள் ஒவ்வொன்றையும் தோண்ட வேண்டும்.

வரைபடம், அட்டவணை, ஓசிஆர் ஏறாத கையெழுத்துப் பக்கம் இவற்றுக்குச் சதுரம் வரைந்து குறிக்கும் கருவி இருக்கிறது. அந்தப் பகுதி படமாகக் குறிப்பில் வந்துவிடும்.

ஹைலைட் செய்த பிடிஎஃப்பைக் கைடுக்கு அனுப்பினேன், அவருக்கு எதுவும் தெரியவில்லை என்கிறார்.

குறிப்புகள் பிடிஎஃப்பில் இல்லை, ஜோட்டெரோவின் தரவுத்தளத்தில் இருக்கின்றன. ஃபோல்டருக்குள் போய்க் கோப்பை எடுத்து அனுப்பினால் வெறும் கோப்புதான் போகும். பதிவின்மேல் வலச்சொடுக்கி 'எக்ஸ்போர்ட் பிடிஎஃப்' கொடுத்து அனுப்புங்கள்.

அப்சிடியனில் ஒரு நோட் எப்படி இருக்க வேண்டும்?

இரண்டு வகை நோட்டு வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. ஒன்று நூலுக்கானது, மற்றொன்று கருத்துக்கானது.

நூல் நோட்டைக் கையால் எழுத வேண்டாம். ஜோட்டெரோவில் பதிவின்மேல் வலச்சொடுக்கி 'ஆட் நோட் ஃப்ரம் அனொட்டேஷன்ஸ்' கொடுத்தால் ஹைலைட்டும் கமென்ட்டும் பக்க எண்ணோடு திரண்டு வரும். அதை நகலெடுத்து அப்சிடியனில் ஒட்டினால், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் மூலப் பக்கத்தைத் திறக்கும் லிங்க் இருக்கும். நோட்டின் பெயருக்கு ஆசிரியரும் ஆண்டும் போதும்: 'ரிச்சர்ட்ஸ் 1918'. இதையே தானாகச் செய்யும் செருகுநிரல் உண்டு. அதற்கு ஜோட்டெரோவில் 'பெட்டர் பிப்டெக்' நிறுவி, ஜோட்டெரோவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். முதல் இருபது நூலைக் கையால் ஒட்டிப் பழகிய பிறகு அந்தப் பக்கம் போவது நல்லது.

கருத்து நோட்டில்தான் ஆய்வு நடக்கிறது. ஒரு நோட்டுக்கு ஒரு செய்தி. தலைப்பு 'பாக்சைட்' என்று இருந்தால் அது பெட்டி மட்டுமே. 'சேர்வராயன் மலையுச்சிச் சமவெளிகளின் பாக்சைட் சார்னோகைட் பாறை சிதைந்து உருவானது' என்று தலைப்பே ஒரு கூற்றாக இருந்தால், அதை ஏற்பவர் யார், மறுப்பவர் யார், ஆதாரம் எங்கே என்று உள்ளே எழுதத் தோன்றும். மூன்று நான்கு வரி போதும்.

லிங்க் போடும்போது வெறும் அடைப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'பார்க்க: [[கிங், ஃபுட் 1864]]' என்பது யாருக்கும் உதவாது. 'இந்த வட்டாரப் பாறைகளை விவரித்தவர்கள் [[கிங், ஃபுட் 1864]], ஆனால் பாக்சைட் அவர்கள் நோக்கம் அல்ல' என்று எழுதினால் அந்த வாக்கியமே ஆய்வேட்டுக்குள் போகும். ஒரு நூல் நோட்டின் ஒரு பத்தியை மட்டும் சுட்ட, லிங்க்குக்குள் பெயரை அடுத்து # குறியும் ^ குறியும் தட்டுங்கள். பத்திகளின் பட்டியல் விழும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரே ஊர் ஒவ்வொரு நூலிலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருக்கிறதே?

ஏற்காடு பற்றிய ஆங்கில நூல்களில் மலையின் பெயர் ஷெவராய், ஷெவராய்ஸ், சேர்வராயன் எனப் பல எழுத்துக்கூட்டில் வரும். ஊர்ப்பெயரும் அப்படியே. அப்சிடியனில் ஒவ்வொரு நோட்டின் தலையிலும் 'அலையஸ்' என்ற பண்பு சேர்க்கலாம். எல்லா வடிவங்களையும் தமிழிலும் ரோமனிலும் அங்கே பட்டியலிடுங்கள். எந்த வடிவத்தைத் தட்டினாலும் அதே நோட்டு கிடைக்கும்.

தாவரவியலுக்கு இது இன்னும் தேவை. குறிஞ்சியின் இன்றைய அறிவியல் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. பழைய நூல்களில் அதே செடி ஃபிளெபோஃபில்லம் குந்தியானம் என்று இருக்கும். இரண்டும் ஒரே நோட்டின் அலையஸில் இல்லாவிட்டால், பாதித் தரவு கண்ணில் படாமலே போய்விடும்.

'மலையாளி' என்ற பெயரில் தனிக் கவனம் வேண்டும். சேர்வராயன், கல்வராயன், கொல்லி மலைகளில் வாழும் பழங்குடியின் பெயர் அது. அந்தப் பெயரில் டேக் போட்டால் கேரளம் பற்றிய கட்டுரைகளும் வந்து கலக்கும். நோட்டின் பெயரையே 'மலையாளிப் பழங்குடி' என்று வைத்து, தர்ஸ்டன், ரங்காச்சாரி 1909 தொகுப்பிலுள்ள கட்டுரை முதல் எல்லாவற்றையும் அதோடு இணையுங்கள்.

தமிழில் இன்னொரு சிக்கல், வேற்றுமை உருபு. 'ஏற்காடு' என்ற நோட்டுக்கு, நீங்கள் லிங்க் போடாமல் விட்ட இடங்களை அப்சிடியன் தானே தேடிக் காட்டும். ஆனால் 'ஏற்காட்டில்', 'ஏற்காட்டின்' என்று எழுதிய இடங்கள் அதில் சிக்காது. ஆகவே எழுதும்போதே [[ஏற்காடு|ஏற்காட்டில்]] என்று நடுவே நெடுங்கோடு போட்டு எழுதுங்கள். படிக்கும்போது 'ஏற்காட்டில்' என்றே தெரியும், லிங்க் சரியான நோட்டுக்குப் போகும். தேடும்போது சொல்லின் மாறாத பகுதியை மட்டும் தட்டினால் எல்லா வடிவமும் கிடைக்கும்.

டேக் போடலாமா? கிராஃப் காட்சி உதவுமா?

வேலையின் நிலைக்கு மட்டும் டேக் போடுங்கள்: படிக்கவேண்டியது, படித்தது, அத்தியாயம் இரண்டு. பொருளுக்கு டேக் வேண்டாம், லிங்க் வேண்டும். டேக்கில் காரணம் எழுத இடமில்லை. கிராஃப் காட்சி எதோடும் சேராமல் தனியாக நிற்கும் நோட்டைக் கண்டுபிடிக்க உதவும். அதற்கு மேல் அதில் நேரம் செலவிட வேண்டாம்.

ஜோட்டெரோ ஃபோல்டரை கூகுள் டிரைவில் வைத்தால் எல்லாக் கணினியிலும் கிடைக்குமல்லவா?

வைக்கவே கூடாது. ஜோட்டெரோவின் தரவெல்லாம் ஒரே தரவுத்தளக் கோப்பில் இருக்கிறது. ஜோட்டெரோ அதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவை பாதிக் கோப்பை எடுத்து மேலேற்றினால் தரவுத்தளம் சிதைந்துவிடும். சிதைந்தது உடனே தெரியாது. சில நாள் கழித்துத் திறக்க மறுக்கும்.

சரியான வழி ஜோட்டெரோவின் சொந்த சிங்க் (கணினிகளுக்கிடையே ஒத்திசைவு). நூல் விவரம், குறிப்பு, ஹைலைட் ஆகியவற்றுக்கு அளவே இல்லை, இலவசம். பிடிஎஃப்களுக்கு மட்டும் 300 எம்பி. ஸ்கேன் நூல்கள் நான்கைந்து சேர்ந்தாலே அது நிரம்பிவிடும். 2 ஜிபிக்கு ஆண்டுக்கு 20 டாலர். காசு கொடுக்க வேண்டாம் என்றால் வெப்டேவ் (இணையம் வழியாகக் கோப்பை ஏற்றி இறக்கும் முறை) வசதியுள்ள வேறு சேமிப்பகத்தை இணைக்கலாம், ஆனால் குழு நூலகத்துக்கு அது செல்லாது.

சிங்க் என்பது காப்புநகல் அல்ல. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். வாரத்துக்கு ஒருமுறை ஜோட்டெரோவை மூடிவிட்டு, அதன் டேட்டா ஃபோல்டர் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். மூடாமல் எடுத்த நகல் முழுமையாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

மலைக் கிராமங்களில் களப்பணி. சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். என்ன செய்வது?

இரண்டு மென்பொருளும் இணையம் இல்லாமல் இயங்கும். சேலத்தில் இருக்கும்போதே தயார் செய்துகொள்ள வேண்டும். ஜோட்டெரோவில் கோப்புகளை 'தேவைப்படும்போது' இறக்கு என்ற அமைப்பு இருந்தால், மலையில் நூலின் பெயர் தெரியும், திறக்காது. கிளம்பும் முன் 'சிங்க் ஆகும்போதே' இறக்கு என்று மாற்றி, ஒருமுறை முழுதாக ஓடவிடுங்கள்.

லேப்டாப்பிலிருந்து ஃபோனுக்கு அப்சிடியன் ஃபோல்டரை நகலெடுக்கும்போது சில நோட்டுகள் மட்டும் ஏறாமல் நிற்கும். காரணம் நீளமான தமிழ்த் தலைப்பு. ஆண்ட்ராய்டிலும் லினக்ஸிலும் கோப்புப் பெயருக்கு 255 பைட் எல்லை. தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட். 'கொ' என்பது இரண்டு குறி, 6 பைட். ஆக நாற்பது எழுத்தைத் தாண்டும்போதே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். விண்டோஸ் வேறு விதமாக எண்ணுவதால் அங்கே இது தெரியவே தெரியாது. மேலே சொன்ன பாக்சைட் தலைப்பைக்கூடக் கோப்புப் பெயரில் சுருக்கி, முழுக் கூற்றையும் முதல் வரியில் எழுதுவதுதான் பாதுகாப்பு. பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, சாய்கோடு வேண்டாம்.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே நூலகம் வைக்கலாமா?

ஜோட்டெரோவில் குழு நூலகம் உருவாக்கலாம். ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்கலாம். கோப்புகளின் இடம் குழுவைத் தொடங்கியவரின் கணக்கில் கழியும். அதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஆய்வேட்டை டிடிபி கடையில் கொடுத்தபின் மேற்கோள்கள் எல்லாம் உடைந்துவிட்டன.

வேர்டில் ஜோட்டெரோ போடும் மேற்கோள் சாதாரண எழுத்து அல்ல, உள்ளே தரவு புதைந்த புலம். கடையில் ஒருங்குறியிலிருந்து வேறு எழுத்துருவுக்கு மாற்றினாலோ, வேறு மென்பொருளில் திறந்து சேமித்தாலோ புலம் அழிந்துவிடும். மூலக் கோப்பைக் கொடுக்காதீர்கள். நகல் ஒன்று எடுத்து, அந்த நகலில் மட்டும் 'அன்லிங்க் சைட்டேஷன்ஸ்' கொடுத்து, கூடவே பிடிஎஃப்பும் கொடுங்கள். கடையில் வந்த வடிவத்தைப் பிடிஎஃப்போடு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். கைடு திருத்தம் சொன்னால் மூலக் கோப்பில் திருத்தி மறுபடி நகலெடுங்கள். கூகுள் டாக்ஸிலிருந்து வேர்டுக்கு மாறுபவர்கள் அப்படியே டவுன்லோடு செய்யாமல், ஜோட்டெரோ மெனுவில் உள்ள 'ஸ்விட்ச் வேர்டு பிராசஸர்ஸ்' வழியாக மாற்ற வேண்டும்.

குறிப்பு எடுப்பதற்கும் ஒப்புமைச் சோதனைக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்கு, அதாவது பிறர் எழுத்தோடு ஒத்திருப்பதற்கு, தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை போனால் திருத்தித் தரவேண்டி வரும், 40-ஐத் தாண்டினால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். நகலெடுத்த ஹைலைட்டும் சொந்த வாக்கியமும் ஒரே நோட்டில் அடையாளமின்றிக் கலந்துகிடந்தால், ஈராண்டு கழித்து எது யாருடையது என்று எழுதியவருக்கே தெரியாது. ஆகவே நூல் நோட்டில் வருவதெல்லாம் மேற்கோள்குறிக்குள், பக்க எண்ணோடு இருக்கட்டும். கருத்து நோட்டில் ஒட்டவே ஒட்டாதீர்கள், தட்டச்சு மட்டும் செய்யுங்கள்.

ஏற்கெனவே அறுநூறு பிடிஎஃப் சேர்ந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் உள்ளே இழுக்காதீர்கள். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் அத்தியாயத்துக்கு வேண்டிய முப்பதை மட்டும் ஜோட்டெரோவில் இழுத்துவிடுங்கள். டிஓஐ உள்ள ஆங்கிலக் கட்டுரைகளுக்கு விவரம் தானாக வரும். தமிழ் நூல்களும் பழைய ஸ்கேன்களும் விவரமில்லாமல் நிற்கும். அவற்றின்மேல் வலச்சொடுக்கி 'கிரியேட் பேரன்ட் ஐட்டம்' கொடுத்து, கையால் நிரப்புங்கள். மற்ற ஐநூற்றுச் சொச்சமும் பழைய ஃபோல்டரிலேயே இருக்கட்டும், தேவைப்படும்போது ஒவ்வொன்றாக எடுத்து வாருங்கள். முப்பதில் பத்தைப் படித்துக் குறிப்பெழுதியவுடன் கருத்து நோட்டைத் தொடங்கிவிடலாம்.